சாப் 900: பாட்டு என்று கேட்டோம், பழுதாக இருந்தது – ஒரு நிகழ்வு ஆய்வு

2021 செப்டம்பரில் தொடங்கி இரண்டு கோடைகள் நீண்ட ஒரு கார் மீட்பின் பதிவு இது. கார், 1986ஆம் ஆண்டு மாடல் சாப் 900 டர்போ 16. மூன்று கதவு, ஐந்து கியர். இடம், ஸ்வீடனின் மேற்குப் பகுதியில் உள்ள ட்ரோல்ஹெத்தன். நான் வேலை நிமித்தம் அந்த ஊரில் குடியிருப்பவன், மெக்கானிக் அல்ல. சனிக்கிழமைகளில் அந்தப் பட்டறைக்குப் போய் விளக்குப் பிடித்ததும் குறிப்பெடுத்ததும்தான் என் பங்கு. அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லவில்லை.

சம்பந்தப்பட்டவர்கள் மூவர். காரின் உரிமையாளர், கோத்தன்பர்க்கில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. கார் அவருடைய தந்தை விட்டுச் சென்றது. இரண்டாமவர், தந்தையோடு சாப் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர். இங்கே அவரை மூத்தவர் என்கிறேன். மூன்றாமவர் லாரி பட்டறை ஒன்றில் வேலை செய்யும் மெக்கானிக், முப்பதைத் தொடாதவர். அவர் இளைஞர்.

பின்னணி

சாப் விமானம் செய்யப் பிறந்த நிறுவனம். 1937இல் தொடங்கப்பட்டு, போர் முடிந்ததும் விமானத் தேவை குறைந்தபோது காருக்குத் திரும்பியது. முதல் மாதிரிக் காரை உருவாக்கிய குழுவில் பதினாறு பேர் இருந்தார்கள், அவர்களில் இருவரிடம்தான் ஓட்டுநர் உரிமம் இருந்தது என்று அந்த ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிக்ஸ்டென் சாசோன் வரைந்த அந்த வண்டியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் விமான இறக்கையின் குறுக்குவெட்டுதான் நினைவுக்கு வரும். 1949 இறுதியில் சாப் 92 ட்ரோல்ஹெத்தனில் உற்பத்திக்கு வந்தது. ஊரின் நடுவே யோத்தா ஆறு ஓடுகிறது. அருவி, கால்வாய், நீர்மின் நிலையம் எல்லாம் உண்டு. ஆனாலும் ஊரார் தங்கள் ஊரைப் பற்றிப் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் கார் வந்துவிடும்.

900 வந்தது 1978இல். அதற்கு முந்தைய 99இன் நீட்சி அது. பியோர்ன் என்வால் வடிவமைத்தார். கண்ணாடிக் குவளையை நெடுக்கில் பிளந்து வைத்ததுபோல வளைந்த முன்கண்ணாடி, முன்னோக்கி நகர்ந்து பிறகு எழும் எஞ்சின் மூடி, இரண்டு இருக்கைகளுக்கு நடுவே தரையோரம் இருக்கும் சாவித் துவாரம். கியரை ரிவர்ஸில் போட்டால்தான் சாவி வெளியே வரும். இந்தச் சாவி விவகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1993 வரை, திறந்த கூரை வகையில் இன்னும் சற்று நீண்டு, ஒன்பது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட மாடல் இது.

இயந்திர அமைப்பும் வழக்கத்துக்கு மாறானது. எஞ்சின் 45 பாகை சாய்ந்து, பின்முன்னாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். கிளட்ச் ரேடியேட்டரைப் பார்த்து முன்னால் இருக்கும். அதனால் எஞ்சினை இறக்காமலே கிளட்சை மாற்றிவிடலாம்; அதில் 900ஐ அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில் கிடக்கிறது. சுழற்சி கிளட்சிலிருந்து சங்கிலிகள் வழியாகக் கீழே இறங்கி, கியர்களைக் கடந்து, பினியன் என்னும் சிறு பல்சக்கரம் வழியாக, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்குப் போகிறது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியே கியர்பாக்ஸ் உறையின் மேற்பகுதியில்தான் அமைந்திருக்கிறது. கியர்பாக்ஸுக்குத் தனி எண்ணெய். ஆக, கியர்பாக்ஸைத் திறக்க வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து மேலே தூக்கிப் பிறகு பிரிக்க வேண்டும். சின்ன வேலை அல்ல.

அந்தக் கியர்பாக்ஸின் வேர் 99இல் இருக்கிறது. 99 முதலில் வந்தபோது எஞ்சினின் வலு எண்பது குதிரைத் திறனை ஒட்டியது. 16 வால்வு டர்போவில் 175. அதே குடும்பத்துக் கியர்பாக்ஸ், இரண்டு மடங்குக்கு மேல் சுமை. 900இன் பலவீனம் எது என்று கேட்டால் அறிந்தவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். மூத்தவருக்கும் இது தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஆய்வை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

நிறுவனத்தின் கதையும் இதில் கலந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் கைக்குப் போன கார் நிறுவனம் 2010இல் ஸ்பைக்கர் என்னும் சிறிய டச்சு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2011 டிசம்பர் 19 அன்று திவாலானது. உரிமையாளரின் தந்தை அதற்குப் பின் சில மாதங்களில் காரைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பதிவையும் நிறுத்திவைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லையாம். காரணத்தை ஊகிக்கலாம், ஊகத்தைப் பதிவாக்க நான் விரும்பவில்லை.

கொட்டகையில் கண்டது

2021 செப்டம்பரில் கொட்டகையைத் திறந்தபோது கார் மேல் ஒரு பழைய போர்வையும் அதன் மேல் வைக்கோல் தூசியும் இருந்தன. ஓடிய தூரம் 2,80,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஸ்வீடனில் பத்து கிலோமீட்டரை ஒரு மீல் என்று எண்ணுவார்கள், ஆகவே மூத்தவர் வாயில் அது 'இருபத்தெட்டாயிரம் மீல்தானே' என்றுதான் வந்தது. நான்கு டயர்களும் தட்டையாகிக் கிடந்தன. எலி ஒன்று காற்று வடிகட்டிப் பெட்டியில் குடும்பம் நடத்தியிருந்தது.

அன்றே எழுதிய குறிப்பில் பதினொரு உருப்படிகள் உள்ளன. துரு முதலில் வருகிறது: முன்சக்கர அச்சுகள் எஞ்சின் அறைக்குள் நுழையும் இடத்தில் இருபுறமும் தகடு பொருக்காக உதிர்ந்தது. குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவும் நாட்டில் ஓடிய 900க்கு இது எதிர்பார்க்க வேண்டிய இடம். பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் வாடை அடித்தது. பிரேக் காலிப்பர்கள் இறுகியிருந்தன. ஏழாவது உருப்படி இப்படி இருக்கிறது: 'கியர்பாக்ஸ் எண்ணெய் குறைவு. இடது அச்சின் உள்பக்க சீலில் கசிவு. நிரப்ப வேண்டும்.'

குறைவு என்று எழுதினேன். எவ்வளவு குறைவு என்று எழுதவில்லை. அளந்து சொல்லும்படி நானும் கேட்கவில்லை.

குளிர்கால வேலையும் அதன் வரிசையும்

அக்டோபரில் கார் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. பட்டறை என்றால் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பழைய களஞ்சியம். ஒரு லிஃப்ட், ஒரு விறகடுப்பு, எப்போதும் சூடாக ஒரு காபிக் குடுவை.

வேலை வரிசையை மூத்தவர் முடிவு செய்தார். முதலில் துரு, பிறகு பெட்ரோல் வழி, பிறகு பிரேக், கடைசியில் எஞ்சின். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துரு தின்ற இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதில் இளைஞர் நவம்பர் முழுவதையும் செலவிட்டார். ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற்றப்பட்டன. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: 2021 ஆகஸ்டிலிருந்து ஸ்வீடனில் 95 ஆக்டேன் பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பருக்கு அது ஆகாது.

உதிரிபாகங்கள் கிடைத்தது பலருக்கு வியப்பாக இருக்கலாம். கார் நிறுவனம் திவாலானாலும் நீஷோப்பிங்கில் இருந்த அதன் உதிரிபாக நிறுவனம் கடனுக்கு ஈடாக அரசின் கைக்குப் போய், ஓரியோ என்ற பெயரில் தொடர்ந்தது. வடிகட்டி, சீல், பிரேக் பாகம் எல்லாம் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தன. கியர்பாக்ஸின் உள்பாகங்கள் மட்டும் வேறு கதை. பினியனும் அதன் இணைச் சக்கரமும் புதிதாகக் கிடைப்பது அரிது.

டிசம்பரில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றப்பட்டது. வடிகால் மரையின் நுனியில் காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறப் பசை திரண்டிருந்தது. அது எந்தக் கியர்பாக்ஸிலும் இருக்கும். இளைஞர் அதை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். தேய்த்துவிட்டு விரலை விளக்கருகே கொண்டுவந்தார். பசைக்குள் மீன் செதில் போல ஒரு துணுக்கு மின்னியது. அரிசிக் குருணையைவிடச் சிறியது. மூத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். 'முப்பத்தைந்து வருடத்துப் பெட்டி. ஒன்றுமே இல்லாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்' என்றார். துணுக்கு கந்தைத் துணியில் துடைக்கப்பட்டது. கசிந்த சீல் மாற்றப்பட்டு, புது எண்ணெய் ஊற்றப்பட்டது. ஏழாவது உருப்படிக்கு நேரே நான் சரி என்று குறியிட்டேன்.

டர்போ: சந்தேகப்பட்டு அளந்தது

2022 மார்ச்சில் எஞ்சின் உயிர்பெற்றது. ஏப்ரலில் பட்டறைக்குப் பின்னால் இருந்த தனியார் பாதையில் ஓட்டிப் பார்த்தபோது முதல் கருத்து வேறுபாடு வந்தது.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அந்த அழுத்தத்தைக் காட்டும் 900 டர்போவின் அழுத்தமானியில் எண்கள் கிடையாது. வண்ணப் பட்டைகள் மட்டுமே. முள் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. ஏறிய இடத்திலும் நிற்காமல் துடித்து இறங்கியது. இளைஞருக்குச் சந்தேகமே இல்லை: டர்போ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். லாரி எஞ்சின்களில் அவர் அன்றாடம் பார்ப்பது அதைத்தான்.

மூத்தவர் மறுத்தார். அவருடைய விளக்கத்தை இங்கே சற்று விரித்துச் சொல்வது தகும். 1977இல் சாப் 99 டர்போவைக் காட்டியபோது, குடும்பக் காருக்கு டர்போ பொருந்தும் என்று நம்பியவர்கள் குறைவு. அழுத்தம் கூடினால் எரிதல் முறை தவறி, எஞ்சினுக்குள் தட்டல் வரும். மட்டமான பெட்ரோலில் இன்னும் அதிகம். பேர் கில்பிராண்ட் என்னும் பொறியாளரின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. எஞ்சினின் உடலில் ஓர் உணரி தட்டலைக் கேட்கும். கேட்ட கணமே மின்னணுப் பெட்டி ஒன்று டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும். தட்டல் நின்றால் மீண்டும் ஏற்றும். 1982 மாடல்களில் வந்த இந்த ஏற்பாட்டின் பெயர் ஏபிசி (APC). எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் அதற்குத் தக்கபடி எஞ்சின் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆகவே, முள் துடிப்பது ஏபிசி வேலை செய்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம் என்றார் மூத்தவர். தொட்டியில் இருந்தது எத்தனால் கலந்த 95.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. உரிமையாளர்தான் பள்ளி ஆசிரியைக்குரிய முறையில் தீர்ப்புச் சொன்னார்: 'இரண்டு பேரும் சொல்வதைச் சோதிக்க முடியுமா?'

முடிந்தது. எண் காட்டும் தனி அழுத்தமானி ஒன்றை இணைத்து, ஏபிசியின் மின் வால்வைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். அடிப்படை அழுத்தம் கையேட்டில் சொல்லப்பட்ட எல்லைக்குள் இருந்தது, நிலையாகவும் நின்றது. டர்போ அச்சில் அசைவு வரம்புக்குள்தான். பிறகு வால்வை மாட்டி, தொட்டியைக் காலி செய்து, தட்டலை எளிதில் வரவிடாத 98 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினார்கள். முள் ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. இளைஞர் ஒரு பிற்பகல் முழுவதும் அந்த மின்னணுப் பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒரு டர்போவின் விலை மிச்சமானது.

அந்த வெற்றி எங்களுக்கு நல்லது செய்யவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அன்றிலிருந்து பட்டறையில் ஒரு வாக்கியம் அதிகாரம் பெற்றுவிட்டது: சாப் என்றால் அப்படித்தான். கதவு அடைக்கும்போது வரும் ஓசைக்கும் அதுவே பதில், ரிவர்ஸ் கியர் விழும்போது கேட்கும் கறகறப்புக்கும் அதுவே. ரிவர்ஸுக்கு ஒத்திசைவு வளையம் இல்லை. முதலில் முன்கியர் ஒன்றில் தொட்டுவிட்டுப் போட்டால் சத்தம் வராது. அதுவரை அந்தப் பதில் சரிதான். ஒருமுறை சரியாக இருந்த பதிலைப் பிறகு எல்லாவற்றுக்கும் சொன்னோம்.

சோதனை நிலையமும் சாலையும்

மே மாதத்தில் வாகனச் சோதனை. முதல் முறை தோல்வி, கைப்பிரேக்கினால். 1987 வரையிலான 900களில் கைப்பிரேக் முன்சக்கரங்களைத்தான் பிடிக்கும். காலிப்பருக்குள் இருக்கும் அதன் நெம்புகோல் ஒருபுறம் மீண்டும் இறுகியிருந்தது. இரண்டு வாரம் கழித்துத் தேர்ச்சி. கார் முப்பது வயதைக் கடந்துவிட்டதால் வாகன வரி கிடையாது, காப்பீட்டோடு சரி.

ஜூனில் உரிமையாளர் ஓட்டத் தொடங்கினார். மொத்தம் 1,100 கிலோமீட்டர், பெரும்பாலும் கோத்தன்பர்க்குக்கும் ட்ரோல்ஹெத்தனுக்கும் நடுவே ஈ45 சாலையில். மூன்றாவது பயணத்திலேயே ஓர் ஒலி அவர் காதில் பட்டது: எழுபதுக்கு மேல் மெல்லிய இழுப்பு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுருதி மாறும்.

இளைஞர் ஒரு மாலை உடன் போனார். அவர் செய்த சோதனை எளியது. எண்பது கிலோமீட்டர் வேகத்தை நான்காம் கியரிலும் ஐந்தாம் கியரிலும் பிடித்துக் கேட்டார். எஞ்சின் சுழற்சி மாறியது; ஒலி மாறவில்லை. அதாவது ஒலி எஞ்சினோடு சேர்ந்தது அல்ல, குறிப்பிட்ட ஒரு கியர் இணையைச் சேர்ந்ததும் அல்ல. சக்கரங்களின் வேகத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. டயர், சக்கர பேரிங், அல்லது பினியனும் டிஃபரன்ஷியலும். காலை எடுத்தால் மாறுகிறது என்பது டயரையும் சக்கர பேரிங்கையும் பட்டியலின் அடிக்குத் தள்ளுகிறது. இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். தேதியுடன் என் குறிப்பேட்டில் இருக்கிறது.

மூத்தவர் மறுநாள் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இறங்கியதும் சிரித்தார். '900 பாடும். அவன் இருந்தபோதும் இதே பாட்டுத்தான்' என்றார். அவன் என்றது காரின் பழைய சொந்தக்காரரை. உரிமையாளரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அளக்க வேண்டும் என்று சொல்ல இளைஞருக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

கியர்பாக்ஸைத் திறப்பது பெரிய வேலை, கோடை குறுகியது, டர்போ விஷயத்தில் மூத்தவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. எங்கள் முடிவுக்கு நாங்களே சொல்லிக்கொண்ட காரணங்கள் இவை மூன்றும். ஆனால் திறக்காமலே செய்யக்கூடியவை இருந்தன. புது எண்ணெய் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. வடிகால் மரையை மீண்டும் கழற்றிக் காந்தத்தைப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதைச் செய்யவில்லை.

ஜூலையில் நடந்தது

ஜூலை மூன்றாம் வாரம், ஞாயிறு மாலை. உரிமையாளர் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஈ45இல் வடக்கே வந்துகொண்டிருந்தார். லில்லா எடெட்டைத் தாண்டி ஒரு சரிவில் காலைத் தளர்த்தியபோது, தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோலச் சத்தம். அடுத்த சில நொடிகளில் அடியில் ஒரு இடி. அவர் உடனே கிளட்சை மிதித்தார். முன்சக்கரங்கள் ஒருகணம் இறுகிப் பிடித்து, உடனே விடுபட்டதாகச் சொன்னார். பிறகு கார் உருண்டது. சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி, பிள்ளைகளைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்தார். எல்லாம் சரியான வரிசையில் செய்தார்.

பிறகு சாவியை எடுக்கப் போனார். ரிவர்ஸ் விழவில்லை. ரிவர்ஸ் விழாமல் சாவி வராது. இழுவை வண்டி வரும்வரை நாற்பது நிமிடம் அந்தச் சாவி இருக்கைகளுக்கு நடுவே நின்றபடியே இருந்தது. இழுவை வண்டிக்காரர் சாவியோடே காரை ஏற்றினார். யாருக்கும் காயமில்லை. ஆனால் முன்சக்கரங்கள் முழுவதும் பூட்டிக்கொண்டிருந்தால், பின்னால் லாரி வந்திருந்தால் என்ற பேச்சு அன்றிரவு பட்டறையில் ஒருமுறை எழுந்தது. யாரும் அதைத் தொடரவில்லை.

திறந்து பார்த்ததில்

ஆகஸ்டில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து மேலே வந்தன. உறையைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. பினியனில் மூன்று பற்கள் இல்லை. இணைச் சக்கரத்தின் பற்களில் அவற்றின் அடையாளம் வெட்டுக்காயமாகப் பதிந்திருந்தது. உடைந்த துண்டு ஒன்று உறையின் உட்சுவரைக் கீறி விரிசல் விட்டிருந்தது. பினியனைத் தாங்கும் பேரிங்கின் ஓடுதளம் அம்மை வடுப்போலக் குழிகுழியாக இருந்தது. பேரிங் தேய்ந்து பினியன் இடம் நகர, பற்கள் சரியாகப் பொருந்தாமல் ஓடின. அந்தப் பொருத்தமின்மைதான் நாங்கள் பாட்டு என்று கேட்டது. ஐந்து கியர் இணைகளும் நல்ல நிலையில் இருந்தன என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

கியர்பாக்ஸைப் புதுப்பிக்கும் தொழிலில் இருப்பவரிடம் படங்களை அனுப்பியபோது அவர் ஒரே கேள்வி கேட்டார்: இது எவ்வளவு காலம் எண்ணெய் குறைந்து ஓடியது?

பதில் காரிலேயே இருந்தது. கையுறைப் பெட்டியில் உரிமையாளரின் தந்தை வைத்திருந்த சிறு குறிப்பேட்டை முதல் நாளிலிருந்தே எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெகிழ்ச்சியோடு புரட்டியும் இருக்கிறோம். படித்ததில்லை. பென்சில் எழுத்து, தேதி, மீல் கணக்கு, செய்த வேலை. கடைசி மூன்று ஆண்டுகளின் பக்கங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: கியர்பாக்ஸ் எண்ணெய் நிரப்பியது. 2009இல் நான்கு டெசிலிட்டர். 2010இல் ஐந்து. 2011இல் இரண்டு முறை, இரண்டாவது ஆறு. கடைசி வரிக்குப் பக்கத்தில் எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை. அதன்கீழ் அடிக்கோடிட்டு 'ஒலி. கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தது.

மூத்தவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் வைத்திருந்தார். 'என்னிடம் கேட்டான். பாடுகிறது என்று நான்தான் சொன்னேன்' என்றார். இதைப் பதிவில் சேர்க்கலாமா என்று பிறகு கேட்டேன். சேர்க்கச் சொன்னார்.

அடுத்த முடிவு

மூன்று வழிகள் இருந்தன. பிரித்தெடுக்கும் கிடங்கிலிருந்து பழைய கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கி மாட்டுவது மலிவு. அதன் பூர்விகம் யாருக்கும் தெரியாது, முதல் தவறையே காசு கொடுத்து மறுபடி வாங்குவதாகிவிடும். காரை அருங்காட்சியகப் பொருள்போல நிறுத்திவிடுவது இன்னொன்று. மூத்தவர் இதைத்தான் விரும்பினார் என்று தோன்றுகிறது, குற்ற உணர்வினால். மூன்றாவது, புதுப்பித்த கியர்பாக்ஸை மாற்றாக வாங்குவது. குளிர்காலம் முழுவதும் செய்த மற்ற எல்லா வேலைகளுக்கும் ஆன பொருட்செலவைவிட அது கூடுதல்.

உரிமையாளர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். பிள்ளைகளை ஏற்றிச் செல்ல முடியாத கார் தனக்கு வேண்டாம், நிறுத்திவைக்க அப்பாவின் கார் ஏற்கெனவே ஒன்பது ஆண்டு நின்றுவிட்டது என்றார். எங்கள் உறையில் விரிசல் இருந்ததால் மாற்றுக்குக் கொடுத்த பழைய பெட்டிக்கு முழுத் தொகை கழிக்கப்படவில்லை. டிசம்பரிலேயே திறந்திருந்தால் பேரிங்கும் பொருத்தச் சீரமைப்பும் போதுமானதாக இருந்திருக்கலாம். உறை நிச்சயம் தப்பியிருக்கும்.

இங்கே மூத்தவருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பேரிங்கைக் கெடுத்தது எங்கள் 1,100 கிலோமீட்டர் அல்ல. 2011க்கு முன்பே எண்ணெய்க் குறைவில் அது கெட்டுவிட்டது. நாங்கள் என்ன செய்திருந்தாலும் கியர்பாக்ஸ் வெளியே வந்தே ஆக வேண்டும். எங்கள் கையில் இருந்தது அது எங்கே நடக்க வேண்டும் என்பது மட்டும்தான்: லிஃப்டின் மேலா, நெடுஞ்சாலையிலா.

இப்போது செய்யும் முறை

2023 ஏப்ரலில் கார் மீண்டும் சாலைக்கு வந்தது. அதற்கு முன்பே பட்டறைச் சுவரில் இளைஞர் ஒரு அட்டையை ஒட்டினார். மூன்று பத்திகள்: இயல்பு, பழுது, அளக்காதது. எந்த ஒலியும் எந்தக் கசிவும் முதலில் மூன்றாவது பத்தியில்தான் எழுதப்படும். அங்கிருந்து நகர வேண்டுமானால் பக்கத்தில் ஓர் எண்ணோ ஒரு சோதனையோ இருக்க வேண்டும். யார் சொன்னார் என்பது போதாது. டர்போ முள் துடித்ததைப் பழைய தேதியிட்டு முதல் பத்தியில் எழுதியிருக்கிறார். மூத்தவர் பேரில் அது ஒரு மரியாதை.

900 ஒன்று நெடுநாள் நின்று வந்தால், இப்போது முதல் வாரத்திலேயே கியர்பாக்ஸ் எண்ணெயை முழுவதும் வடித்து அளந்து எழுதுகிறோம். குறைவு என்ற சொல்லுக்கு இடமில்லை; இத்தனை டெசிலிட்டர் என்று இருக்க வேண்டும். காந்தத்தின் பசையைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுத் தேதி ஒட்டி வைக்கிறோம். முதல் 300 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி வடித்து, இரண்டு குப்பிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். வாகனத்தோடு வந்த ஒவ்வொரு காகிதத்தையும் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பட்டியல் எடுக்கிறார். இந்தக் கடைசி ஏற்பாடு உரிமையாளரின் யோசனை. வகுப்பில் பிள்ளைகள் கேள்வித்தாளைப் படிக்காமலே விடை எழுதத் தொடங்குவதைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

ஒலிச் சோதனையையும் முறைப்படுத்தினோம். ஒரே வேகம், இரண்டு கியர், அழுத்தியும் விட்டும். ஓட்டுபவர் கண்டதைச் சொல்லும் முன் உடன் வருபவர் தனியாக எழுதிவிட வேண்டும். மூத்தவரின் காது இன்னும் எங்கள் எல்லோருடைய காதையும்விடக் கூர்மையானது. அவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் அதுவே கேட்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் அவர் கடைசியாகத்தான் சொல்கிறார். தானாகவே ஏற்றுக்கொண்ட விதி.

2023 ஆகஸ்டில், புதுப்பித்த கியர்பாக்ஸ் 2,000 கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயை வடித்தோம். காந்தத்தில் மென்மையான சாம்பல் பசை மட்டும். விரலில் தேய்த்தபோது எதுவும் மின்னவில்லை. சீல் உலர்ந்திருந்தது. ரிவர்ஸ் போடும்போது இன்னும் சில நேரம் கறகறக்கிறது. அது இயல்புதான் என்று மூத்தவரும், முன்பைவிடக் கூடியிருக்கிறது என்று இளைஞரும் சொல்கிறார்கள். அட்டையில் அது இப்போது மூன்றாவது பத்தியில் இருக்கிறது.